ஈரலை வளரச் சொன்னது யார்?

"ஈரலை வெட்டுனா திரும்ப முளைக்கும்னு டிவியில சொல்றாய்ங்கள்ல. அப்ப அந்தக் கட்டியோட சேர்த்து வெட்டி எறிஞ்சுட்டா என்னத்தா?"

பெரியம்மா கேட்டது இது. மதுரைப் பெரியாஸ்பத்திரி வளாகத்தில் மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியப்பாவைக் கூட்டி வந்திருந்தார்கள். வயிறு உப்பி, கால் வீங்கி, தோளெலும்பு தெரிய ஆள் பாதியாகியிருந்தார். அதுவரை உள்ளூரில் பார்த்தவர் வாயுத் தொல்லை என்றே மாத்திரை கொடுத்துக் காலத்தை ஓட்டியிருக்கிறார். இங்கே சி.டி. ஸ்கேன் எடுத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஈரல் சுருங்கியிருக்கிறது, அதற்குள் புற்றுநோய்க் கட்டியும் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் விலங்கியல் படித்தவள் நான் ஒருத்திதான். பல்கலைநகரில் படித்த காலத்தில் எலியின் ஈரலைக் கையில் ஏந்திப் பார்த்தவள் வேறு. அதனால் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் என்னிடம் கேட்டார்கள். பெரியம்மாவுக்கு அன்றைக்கு ஒரு வரியில் பதில் சொன்னேன்: வெட்டியது போக மிச்சமிருக்கும் ஈரல் நன்றாக இருந்தால்தான் வெட்ட முடியும், பெரியப்பாவுக்கு மிச்சமும் கெட்டுப்போயிருக்கிறது. பதில் சரிதான். ஆனால் அவர் கேட்டதில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருந்தது. இப்படி வளரத் தெரிந்த உறுப்பில், அந்த வளரும் குணத்துக்கும் அங்கே வரும் புற்றுநோய்க்கும் உறவு இருக்கிறதா? இருக்கிறது. அதுவும் மிக நெருங்கிய உறவு.

முதலில் ஒரு திருத்தம். ஈரல் முளைப்பதில்லை. 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். எலிக்கு ஈரல் தனித்தனி மடல்களாக இருக்கும். ஒரு மடலை அடியில் நூல் கட்டி முழுசாக எடுத்துவிடலாம், பெரிதாக ரத்தம் போகாது. அப்படி எடுத்த மடல்கள் திரும்ப வரவே இல்லை. விட்டுவைத்த மடல்கள்தான் பருத்தன. ஒரு வாரம், பத்து நாளில் ஈரல் ஏறக்குறைய பழைய எடைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. உறவினருக்கு ஈரலில் பாதிக்கு மேல் கொடுத்த மனிதர்கள் சில மாதங்களில் தேறிவிடுவதும் இந்தக் குணத்தால்தான்.

சாதாரண நாட்களில் ஈரல் செல்கள் பிரிவது மிக அரிது. மருந்தை உடைப்பது, பித்தம் சுரப்பது, சர்க்கரையைச் சேர்த்து வைப்பது என்று அவற்றுக்கு வேலை ஏராளம். அறுவை முடிந்த ஒரு நாளுக்குள் அதே செல்கள் டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடங்குகின்றன. யாரோ சொல்லாமல் இது நடக்காது. யார் சொன்னது?

1967-இல் மூல்ட்டன், பூச்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அழகான சோதனை செய்தார்கள். இரண்டு எலிகளின் ரத்த ஓட்டத்தைக் குழாய் வழியே ஒன்றோடொன்று இணைத்தார்கள். ஓர் எலிக்கு மட்டும் ஈரலை வெட்டினார்கள். கத்தியே படாத மற்ற எலியின் ஈரலும் டி.என்.ஏ. நகலெடுப்பில் இறங்கியது! ஆக, செய்தி நரம்பில் போகவில்லை, ரத்தத்தில் போகிறது. நான் படிப்பை நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் இதைப் படித்தேன். நிறுத்தவில்லை. அதற்கு இந்த எலிகளும் ஒரு காரணம்.

ரத்தத்தில் இருந்தது என்ன என்று பிடிபட இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1984-இல் ஜப்பானில் டோஷிகாசு நகமுரா, ஈரல் வெட்டிய எலிகளின் ரத்தச் சீரத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்துக் காட்டினார். தட்டில் வளர்த்த ஈரல் செல்கள்மேல் அதை விட்டால் அவை பிரிய ஆரம்பித்தன. ஈரல்செல் வளர்ச்சிக் காரணி என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக எச்.ஜி.எஃப். வளர்ச்சிக் காரணி என்ற வகை அதற்கு முன்பே தெரிந்ததுதான். ஸ்டான்லி கோஹன் 1960-களிலேயே சுண்டெலியின் எச்சில் சுரப்பியிலிருந்து ஒன்றை எடுத்திருந்தார். அதைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியில் போட்டால் உரிய நாளுக்கு முன்பே கண் திறக்கும், பல் முளைக்கும். இ.ஜி.எஃப். என்ற அந்தப் புரதத்துக்காக அவரும், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி மொன்டால்சினியும் 1986-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஈரலுக்கு இ.ஜி.எஃப்.பும் வேண்டும், எச்.ஜி.எஃப்.பும் வேண்டும். எச்.ஜி.எஃப். மரபணு இல்லாத சுண்டெலிக் கருக்கள் ஈரல் சிறுத்து, பிறப்பதற்கு முன்பே இறந்துபோகின்றன.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நகமுரா எச்.ஜி.எஃப்.பைக் காட்டிய அதே 1984-இல், அதற்குத் துளியும் சம்பந்தமில்லாத வேறொரு குழு, ரசாயனம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட எலும்புப் புற்றுநோய் செல்களில் ஒரு புதிய புற்றுநோய் மரபணுவைக் கண்டுபிடித்தது. மெட் என்று பெயர். செல்லின் மேல்பரப்பில் நின்று வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் ஓர் ஏற்பிப் புரதத்தை அது உண்டாக்குகிறது என்று பிறகு தெரிந்தது. அந்த ஏற்பிக்கு எது வந்து ஒட்டும் என்று மட்டும் தெரியவில்லை. இந்தப் பக்கம் எச்.ஜி.எஃப். எந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். 1991-இல் இரண்டு தேடலும் ஒரே இடத்தில் முடிந்தன. எச்.ஜி.எஃப். ஒட்டும் ஏற்பி மெட்தான். காயம்பட்ட ஈரலை வளரச் சொல்லும் உத்தரவும், ஒரு செல்லைப் புற்றுநோயாக்கும் மரபணுவும் ஒரே புரதத்தில் வந்து சந்தித்தன.

இதைப் புரிந்துகொண்ட பிறகு புற்றுநோயை வெளியிலிருந்து வந்த அரக்கனாகப் பார்க்க என்னால் முடியவில்லை. வாட்ஸாப்பில் வரும் "கேன்சர் செல்லைக் கொல்லும் பழம்" வகைச் செய்திகள் எரிச்சலூட்டுவதும் இதனால்தான். கட்டி புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. கருவில் ஈரல் உருவான காலத்தில் ஓடிய உத்தரவுகளையும், காயம் ஆற்ற ஓடும் உத்தரவுகளையும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

உத்தரவு செல்லுக்குள் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, உள்பக்கம் நீட்டியிருக்கும் தங்கள் வாலில் பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கின்றன. அங்கிருந்து இரண்டு பெரிய பாதைகள் கிளம்புகின்றன. ராஸ், ராஃப், மெக், எர்க் என்று ஒன்றையொன்று தட்டியெழுப்பி உட்கருவுக்குப் போய் "பிரி" என்று சொல்லும் பாதை ஒன்று. பி.ஐ.3 கைனேஸ், ஆக்ட், எம்டார் என்று போய் "சாகாதே, புரதம் செய், பெருத்துக்கொள்" என்று சொல்லும் பாதை இன்னொன்று. கணையப் புற்றுநோயில் ராஸ் மரபணுவே திரிந்துபோய், உத்தரவு வராமலேயே கத்திக்கொண்டிருக்கும். ஈரல் புற்றுநோயில் ராஸ் திரிவது அபூர்வம். அப்படியிருந்தும் அந்தப் பாதை ஓய்வில்லாமல் ஓடுகிறது. மேலே ஏற்பியில் உத்தரவு வந்துகொண்டே இருக்கிறது, கீழே அதை அணைக்க வேண்டிய புரதங்கள் அடக்கப்பட்டிருக்கின்றன.

சித்திரையில் மாசி வீதியில் தேர் பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். வடம் பிடித்து இழுக்க ஆயிரம் பேர் உண்டு. அது பெரிய விஷயமில்லை. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்துகிறார்களே, அவர்கள் கை தப்பினால்தான் தேர் கடைக்குள் புகும். ஈரலில் வடம் இழுப்பவை எச்.ஜி.எஃப்., இ.ஜி.எஃப். வகையறா. முட்டுக்கட்டை போடுபவற்றில் முக்கியமானது டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற இன்னொரு காரணி. அளவுக்கு வந்த ஈரல் நின்றுவிடுவதில் அதற்குப் பங்கு உண்டு. சிக்கல் என்னவென்றால், ஈரல் செல்லை "போதும்" என்று நிறுத்தும் அதே டி.ஜி.எஃப்.-பீட்டா, பக்கத்தில் இருக்கும் நட்சத்திர வடிவ செல்களைப் பார்த்து "தழும்பு நாரை உண்டாக்கு" என்றும் சொல்கிறது. ஒருமுறை காயம்பட்டால் கொஞ்சம் நார் வரும், பிறகு கரைந்துவிடும். வருஷக்கணக்கில் காயம் தொடர்ந்தால்?

அங்கேதான் பெரியப்பா வருகிறார். மனுஷன் மானாவாரிக் கடலைக்காரர். உழைப்பில் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் குடிப்பார், தினமும். ஐம்பதைத் தாண்டியதும் சுகர் வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் இருப்பது தெரிந்தது. எப்போது வந்ததோ, பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்ததோ, யாருக்குத் தெரியும்! அந்த வைரஸ் வலிக்காது, காட்டிக்கொடுக்காது. பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஆயுள் முழுதும் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானே விலகிவிடும்.

வைரஸ் இருக்கும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தி கொல்கிறது. சாராயம் இன்னும் கொஞ்சம் கொல்கிறது. போன செல்லுக்குப் பதில் புதுச் செல் வேண்டும் என்று வளர்ச்சிக் காரணிகள் சுரக்கின்றன. மிச்சச் செல்கள் பிரிகின்றன. மறுபடி சாவு, மறுபடி பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய அறுநூறு கோடி எழுத்துகளை நகலெடுக்க வேண்டும். பிழை விழாமல் இருக்குமா? கூடவே நட்சத்திர செல்கள் நாரைப் பின்னிக்கொண்டே போகின்றன. 20, 30 வருஷத்தில் ஈரல் முடிச்சு முடிச்சாகிச் சுருங்குகிறது. சிரோசிஸ் என்பது அதுதான். ஈரல் புற்றுநோயில் பத்துக்கு எட்டு, ஒன்பது இப்படிச் சுருங்கிய ஈரலில்தான் பிறக்கிறது. ஹெபடைட்டிஸ் பி மட்டும் குறுக்கு வழியும் தெரிந்தது. தன் டி.என்.ஏ.வை நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே சொருகிவிடும். அதனால் ஈரல் சுருங்காமலேயே புற்றுநோய் வந்தவர்களும் உண்டு.

பிழைகளில் முதலில் விழுவது பெரும்பாலும் டெர்ட் என்ற மரபணுவின் முகப்பில். செல் இத்தனை தடவைக்கு மேல் பிரியக்கூடாது என்ற கணக்கை அது உடைக்கிறது. கட்டிகளில் பாதிக்கு மேல் அந்தத் திரிபு இருக்கிறது. அடுத்து, செல்லை வளரத் தூண்டும் பீட்டா-கேட்டெனின் மரபணுவில்; அடுத்து, கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 மரபணுவில். பி53-ஐச் சொல்லும்போது கடலையையும் சொல்ல வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூக்கும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது பி53 மரபணுவில் 249-ஆம் இடத்தில் குறிப்பாக ஒரு திரிபை விட்டுச் செல்லும் என்று 1991-இல் கண்டுபிடித்தார்கள். வைரஸும் இந்த நஞ்சும் ஒரே ஈரலில் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். எங்கள் ஊரில் நல்ல பருப்பு மண்டிக்குப் போகும், சுருங்கியதும் கறுத்ததும் வீட்டுக்கு நிற்கும். பெரியம்மா அதை வறுத்து இடித்து உருண்டை பிடிப்பார். பெரியப்பாவின் கட்டியில் 249 இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை, பார்த்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால் கறுத்த கடலையை மாட்டுக்குக்கூடப் போடக்கூடாது என்று அன்றிலிருந்து நான் சண்டை போடுகிறேன்.

சுகர் விஷயத்தை யாரும் ஈரலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. மதுரையில் வீட்டுக்கு ஒரு சுகர் மாத்திரை டப்பா இருக்கிறது. ஃபேட்டி லிவர் என்று ஸ்கேனில் எழுதி வந்தால் "அது எல்லாருக்கும் இருக்கு" என்று மடித்து வைத்துவிடுகிறோம். இன்சுலினும் ஒரு வளர்ச்சிச் செய்திதான். கணையத்திலிருந்து கிளம்பி போர்ட்டல் சிரை வழியாக முதலில் போய்ச் சேருவது ஈரலுக்கு. உடல் இன்சுலினுக்கு மசியாத காலத்தில் கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. சர்க்கரையை அடக்கும் வேலையில் செவிடாகிப்போன ஈரல், "பெருத்துக்கொள்" என்ற ஆக்ட், எம்டார் பாதையில் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சுகர் உள்ளவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. குடியையே தொடாதவர்களுக்கும் வருவதற்கு இது ஒரு காரணம்.

இன்சுலினின் ஒன்றுவிட்ட தம்பி ஐ.ஜி.எஃப்.-2. கரு வளரும்போது கொட்டிக்கிடக்கும். ஈரல் கட்டிகள் சிலவற்றில் அந்தக் கருக்கால ஊற்று மறுபடி திறக்கிறது. ஏ.எஃப்.பி. என்று ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்களே, அதுவும் கருவின் ஈரல் செய்யும் புரதம்தான். பிறந்த பின் அடங்கிவிடும். 1963-இல் அபெலெவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஈரல் கட்டியுள்ள சுண்டெலிகளின் ரத்தத்தில் அதைக் கண்டார். அறுபது வயது ஆளின் ஈரலில் கருவின் பாஷை பேச ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது என்பதற்கு அது அடையாளம். பெரியப்பாவுக்கு அது ஆயிரக்கணக்கில் இருந்தது.

எஃப்.ஜி.எஃப்.-19 என்று இன்னொன்று இருக்கிறது. சாப்பிட்டபின் சிறுகுடல் அதைச் சுரந்து, "பித்த அமிலம் போதும்" என்று ஈரலுக்குச் சொல்லி அனுப்பும். பாவம், சாதுவான வேலை. அதையே சுண்டெலியின் தசையில் எப்போதும் சுரக்கும்படி செய்தபோது அவற்றுக்கு ஈரல் புற்றுநோய் வந்தது. 2002-இல் வந்த முடிவு இது. மனிதக் கட்டிகள் சிலவற்றிலும் அந்த மரபணு பல பிரதிகளாகப் பெருகிக் கிடக்கிறது.

இத்தனையும் படித்துவிட்டுச் சோற்றை நிறுத்திவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடக்கப் பார்த்தது. பெரியப்பாவின் மச்சினர் ஒருவர், "நல்லாச் சாப்பிட்டா கட்டி சேந்து வளரும், கஞ்சித்தண்ணியோட நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னால் கிராமத்தில் மறுபேச்சு இல்லை. வளர்ச்சிக் காரணி என்பது சத்து அல்ல, செய்தி. பட்டினி போட்டால் செய்தி நிற்காது, தசைதான் கரையும். சுருங்கிய ஈரலால் சர்க்கரையைச் சேர்த்து வைக்க முடியாது. ஒரு ராத்திரி பட்டினியிலேயே உடம்பு தன் தசையைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதனால்தான் படுக்கும் முன் கொஞ்சம் சாப்பிடச் சொல்கிறார்கள், பருப்பும் முட்டையும் குறைக்காதே என்கிறார்கள். பெரியம்மாவுக்கு இதைப் புரியவைக்க வார்டு நர்ஸம்மாதான் வர வேண்டியிருந்தது. நான் சொன்னபோது "நீ படிச்சவ, ஆயிரம் சொல்லுவ" என்று தட்டிவிட்டார்.

எதிர்ப்பக்கத்து ஆலோசனையும் வந்தது. ஆட்டு ஈரல் வாங்கிக் கொடு, ஈரலுக்கு ஈரல் என்று. நெல்பேட்டையில் இருந்து ஒருவர் சுவரொட்டி என்ற ஆட்டு மண்ணீரலும் ஈரலும் வாங்கி வந்தேவிட்டார். சாப்பிட்டால் தப்பில்லை, இரும்புச்சத்து உண்டு. ஆனால் ஆட்டின் வளர்ச்சிக் காரணிகள் புரதம். அடுப்பிலேயே வெந்து, மிச்சம் வயிற்றில் செரித்துவிடும். மனிதன் ஈரலுக்குச் செய்தி எதுவும் போகாது.

கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உண்மையிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1988-இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பர்க்கையே கூட்டாகச் சேர்த்துக்கொண்டு, லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்தில்லாத வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை. நம்மூர் ஆய்வு என்று பெருமைப்படலாம், அதற்காக வைரஸ் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லியை அரைத்துக் குடிக்க முடியாது. பெரியப்பாவுக்கு ஒருவர் கொடுத்த பொடியில் கீழாநெல்லி இருந்ததா என்பதே சந்தேகம். வாந்திதான் கண்டது.

சி.டி. ஸ்கேனுக்கு வருவோம். ஊசியில் திசு எடுத்துப் பார்க்காமலே எப்படிப் புற்றுநோய் என்று சொன்னார்கள் என்று அண்ணனுக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம். நல்ல ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையில் வருகிறது, தமனியில் வருவது கால் பங்குதான். கட்டி வளர வளர உள்ளே பிராணவாயு பற்றாமல் போகும். அப்போது அது வி.இ.ஜி.எஃப். என்ற காரணியைச் சுரந்து தனக்கென்று புது ரத்தக்குழாய்களை வரவழைக்கும். அந்தக் குழாய்கள் தமனியிலிருந்து கிளைப்பவை. கட்டிகள் ரத்தக்குழாயை இழுத்துத்தான் வளர்கின்றன, அதை மறித்தால் கட்டியை மறிக்கலாம் என்று ஜூடா ஃபோக்மன் 1971-லேயே எழுதினார். ஸ்கேனில் சாயமருந்தை ஏற்றியதும், அது தமனி வழியே வரும் நேரத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றியிருக்கும் ஈரல் பளபளக்கும்போது கட்டி மங்கிவிடும். சுருங்கிய ஈரலில் இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் ஊசி போட வேண்டியதில்லை. ஒரு வளர்ச்சிக் காரணி செய்த வேலையைப் படமாகப் பார்த்துத்தான் நோயைச் சொன்னார்கள். கட்டிக்குப் போகும் தமனியில் மட்டும் மருந்தை விட்டு அடைக்கும் டேஸ் சிகிச்சையும் இதே வேறுபாட்டை நம்பித்தான். பெரியப்பாவுக்குப் போர்ட்டல் சிரைக்குள்ளும் கட்டி நுழைந்திருந்ததால் மாத்திரைக்குப் போனார்கள்.

அந்த மாத்திரை சொராஃபெனிப். ராஃபை அடைக்கவென்று தேடிக் கண்டுபிடித்தது. வி.இ.ஜி.எஃப். ஏற்பியையும் அடைக்கிறது என்று பிறகு தெரிந்தது. 2008-இல் வெளியான சோதனையில் 602 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் சராசரியாக 7.9 மாதம், சொராஃபெனிப் சாப்பிட்டவர்கள் 10.7 மாதம் உயிரோடு இருந்தார்கள். இவ்வளவு படித்துக் கடைசியில் மூன்று மாதமா என்று தோன்றும். ஆனால் அதற்கு முன்பு இந்த நோய்க்கு மூன்று நாள் கூட்டித்தரும் மாத்திரைகூட இல்லை.

விலைதான் கொடுமை. பேயர் நிறுவனம் நெக்ஸாவர் என்ற பெயரில் விற்ற இந்த மாத்திரை அப்போது ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாயாக இருந்தது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன், காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே வேறொருவர் மருந்தைச் செய்ய விடும் கட்டாய உரிமத்தை, நாட்டிலேயே முதல்முறையாக, ஹைதராபாத் நாட்கோ நிறுவனத்துக்குக் கொடுத்தார். விலை மாதத்துக்கு 8,880 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, பேயருக்கு விற்பனையில் ஆறு சதவீதம் ராயல்டி. பேயர் மேல்முறையீட்டுக்குப் போன வாரியம் சென்னையில் இருந்தது. 2013-இல் உரிமம் செல்லும் என்றது, ராயல்டியை மட்டும் ஏழு சதவீதமாக்கியது. பம்பாய் உயர்நீதிமன்றமும் அப்படியே சொல்ல, 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. வளர்ச்சிக் காரணிப் பாதைகளைப் பற்றிய ஆயிரம் கட்டுரைகளைவிட இந்த ஓர் உத்தரவு எங்கள் ஊர் ஆட்களுக்கு அதிகம் செய்திருக்கிறது என்பது என் கருத்து.

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்தில் பெரியப்பாவின் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிந்தன. செருப்புப் போட முடியவில்லை. பி.பி. ஏறியது. வி.இ.ஜி.எஃப். கட்டிக்கு மட்டும் உரியதில்லையே, நல்ல ரத்தக்குழாய்களைப் பராமரிப்பதும் அதுதான். அடைத்தால் அங்கேயும் வலிக்கும். "கட்டிய அடிக்கச் சொன்னா காலை அடிக்கிது" என்றார். அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். அதற்கடுத்த ஆடியைப் பெரியப்பா பார்க்கவில்லை.

அப்புறம் வந்த மருந்துகள் சில தேவலை. லென்வாட்டினிப் 2018-இல் சொராஃபெனிபுக்கு இணையாக வந்தது. வி.இ.ஜி.எஃப்.போடு எஃப்.ஜி.எஃப். ஏற்பிகளையும் அடைக்கும். பெரிய ஏமாற்றம் மெட்தான். இவ்வளவு அழகான கதையுள்ள மெட்டைக் குறிவைக்கும் என்று நம்பிய டிவான்டினிபை, கட்டியில் மெட் அதிகமுள்ளவர்களாகப் பொறுக்கியெடுத்துக் கொடுத்தும் ஆயுள் கூடவில்லை. இ.ஜி.எஃப். ஏற்பியை அடைக்கும் எர்லோடினிபைச் சொராஃபெனிபோடு சேர்த்துப் பார்த்தார்கள், பிரயோஜனமில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஈரல் இழப்புக்குப் பழகிய உறுப்பு. வளரச் சொல்லும் செய்தி ஒரு வழியில் வராவிட்டால் இன்னொரு வழியில் வாங்கிக்கொள்ளும். எலியை உயிரோடு வைத்திருந்த அந்த ஏற்பாடுதான் கட்டியையும் காப்பாற்றுகிறது. 2020-இல் நிலைமை ஓரளவு மாறியது. வி.இ.ஜி.எஃப்.பைப் பிடிக்கும் பெவாசிசுமாப்போடு, எதிர்ப்பு செல்களை அவிழ்த்துவிடும் அடிசோலிசுமாப்பைச் சேர்த்தபோது, சொராஃபெனிப் சாப்பிட்டவர்களுக்கு 13.4 மாதமாக இருந்த சராசரி ஆயுள் 19.2 மாதமாக ஏறியது. ரத்தக்குழாயைச் சீராக்கினால் எதிர்ப்பு செல்கள் கட்டிக்குள் நுழைய வழி கிடைக்கிறது. உணவுக்குழாயின் சிரைகள் புடைத்திருந்தால் ரத்தம் கக்கும் அபாயம் உண்டு என்பதால் முதலில் எண்டோஸ்கோப்பி பார்க்கிறார்கள். விலை இன்னும் நம் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

உத்தரவு நிற்காமல் ஓடத் தொடங்கியபின் மறிப்பது கஷ்டம். ஓட வேண்டிய அவசியத்தையே குறைப்பது எளிது, மலிவும்கூட. எங்கள் பக்கத்தில் மாசியில் குலசாமி கும்பிட மொத்தச் சனமும் ஊருக்கு வரும். பெரியப்பா போன பிறகு வந்த மாசியில், பொங்கல் வைத்து முடித்த கையோடு எல்லாரையும் உட்கார வைத்து ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தேன். கோயில் வாசலில் ஊசியா என்று முணுமுணுத்தார்கள். பெரியம்மா முதல் ஆளாகக் கையை நீட்டியதும் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பெரியம்மாவுக்கு இல்லை. அவருடைய இளைய மகன் சின்னவனுக்கு இருந்தது. இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு 24 மணி நேரத்துக்குள் போட்டுவிடுகிறார்கள், அந்தக் கவலை இல்லை.

சின்னவன் டெனோஃபோவிர் சாப்பிடுகிறான், தினம் ஒன்று. அது வைரஸை வேரோடு பிடுங்காது, அடக்கி வைக்கும். அடங்கினால் ஈரல் செல் சாவது குறையும், தழும்புகூடக் கொஞ்சம் கரையும், புற்றுநோய் ஆபத்து இறங்கும். குடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறான், அவன் மனைவியும் அதையே சொல்வதால் நம்புகிறேன். அவன் ஈரலில் ஏற்கெனவே தழும்பு இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி.யும் பார்க்க வேண்டும். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது பிடித்தால் சுட்டுப் பொசுக்கியோ வெட்டியோ எடுத்துவிட வாய்ப்பு உண்டு. அவன் அப்பாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

தேதி வந்தால் போனில் நான்தான் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. "காலையில இருந்து வெறும் வயித்தோட உக்கார வைக்கிறாய்ங்கக்கா, அதான் கடுப்பு" என்பான். முடித்து வெளியே வந்ததும் கோரிப்பாளையத்தில் பரோட்டாக் கடை எங்கே என்று கண் தேடும். சுகர் அவனுக்கும் எல்லையில் நிற்கிறது. நான் முறைத்தால், "சரி, சரி, இட்லியே சாப்பிடுவோம்" என்கிறான். சால்னா மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.